ஒரு கணினி, இரண்டு பேர், ஒரு மாரிகாலம்: லினக்ஸில் கேம் விளையாடிப் பார்த்த கதை

எங்கள் வீட்டுக் கணினியின் பின்பக்கத் தகடு துருப்பிடித்துக் கனகாலம். திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி இருக்கிற வீடு. மின்விசிறியே இரண்டு வருஷத்தில் பொருக்குத் தட்டிவிடும். பெட்டிக்குள் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜீபி ராம், என்விடியாவின் ஜீடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட். பெரியப்பாவின் மகன் வெளிநாடு போகும்போது தந்துவிட்டுப் போனது. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் பெட்ஷீட்டால் சுற்றி, விடியும்வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இதற்குச் சொந்தக்காரர் இரண்டு பேர். நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறேன். மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் முடியும்வரை மூச்சுவிட நேரமில்லை. வாடை தொடங்கி, வெள்ளைக்காரர் தென்கரைப் பக்கம் போன பிறகுதான் எனக்குக் கேம். தம்பி அடுத்த முறை உயர்தரப் பரீட்சை எழுத வேண்டியவன். அவனுக்கு சீசன் என்று ஒன்றில்லை, வருஷம் முழுக்க விளையாடுவான்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கு வழக்கமாக வரும் இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றன. வின்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எங்களுடையது ஆறு. இன்னும் ஒரு வருஷம், 2026 ஒக்டோபர் 13 வரை, அப்டேட்டை நீட்டிக்க ஒரு வழி இருந்ததுதான். ஆனால் எங்கள் வின்டோஸ் ஏதோ ஒரு கடையில் 'போட்டுத் தந்தது'. ஊரில் பாதி வீட்டில் அதுதான் கதை. அதை வைத்துக்கொண்டு போய் நீட்டிப்புக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மழையும் தொடங்கிவிட்டது, ஹோட்டலில் பாதிநாள் வேலை. வின்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும், ஆனால் இலவசமான லினக்ஸைப் போட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். தம்பியின் முதல் கேள்வி, அவன் கூட்டாளிகளோடு ஒன்லைனில் விளையாடும் கேமைப் பற்றி:

"அக்கா, உதில வலொரன்ட் ஓடுமோ?"

"ஓடாதெண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப உது எனக்குத் தேவையில்லை."

கதை முழுவதும் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும். ஆனாலும் ஏன் ஓடாது, வேறு எது ஓடும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூன்று மாதம் போனது.

எதையும் இன்ஸ்டோல் பண்ணுவதற்கு முன்னம் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் என் கேம்களையும் வலப்பக்கம் அவனுடையதையும் எழுதினேன். நான் செய்ததில் உருப்படியான முதல் வேலை அதுதான். என் பக்கம்: விட்சர் 3, ஸ்டார்டியூ வேலி, ஹேடிஸ், ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2, யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2, ஜீடிஏ 5இன் கதைப் பகுதி. அவன் பக்கம்: வலொரன்ட், ஃபோர்ட்நைட், ஜீடிஏ ஒன்லைன், ஈஏ எஃப்சி, கவுன்டர் ஸ்ட்ரைக் 2. பிறகு புரோட்டன்டிபி என்ற தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடினேன். லினக்ஸில் விளையாடிப் பார்த்தவர்கள் அங்கே ஒவ்வொரு கேமுக்கும் பிளாட்டினம், கோல்ட், சில்வர், பிரோன்ஸ், ஒன்றுமே சரிவராவிட்டால் 'போர்க்ட்' என்று தரம் போட்டிருப்பார்கள். தரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கீழே இறங்கி, உங்களுடையதைப் போன்ற கார்ட் வைத்திருப்பவர் அண்மையில் என்ன எழுதியிருக்கிறார் என்று வாசியுங்கள். மூன்று வருஷத்துக்கு முந்திய பாராட்டும் திட்டும் இன்றைக்கு உதவாது.

கொப்பியின் இடப்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். வலப்பக்கத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் சரி, கவுன்டர் ஸ்ட்ரைக் 2. அது லினக்ஸுக்கென்றே நேரடியாக வெளிவருகிறது. மற்ற நாலுக்கும் புள்ளடி.

இரண்டு பக்கத்துக்கும் ஏன் இத்தனை வித்தியாசம் என்பதற்கு என் வேலையிலிருந்தே ஒரு உதாரணம் சொல்லலாம். ஹோட்டலுக்கு ஜெர்மன்காரர் ஒருவர் வந்து காரமில்லாத மீன்குழம்பு கேட்கிறார். எங்கள் குசினியில் நிற்கிற அண்ணைக்கு ஜெர்மனும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. நான் நடுவில் நின்று சொல்லிவிடுகிறேன், குழம்பு வருகிறது. வின்டோஸுக்காக எழுதிய கேமை லினக்ஸில் ஓட்டுகிற 'வைன்' செய்வது இந்த வேலையைத்தான். 1993இல் தொடங்கிய திட்டம் அது. வின்டோஸை முழுதாகப் போலியாக உருவாக்கி அதற்குள் கேமை ஓட்டுவதில்லை. கேம் வின்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்கு விளங்கும்படி மாற்றிச் சொல்கிறது, அவ்வளவுதான். கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டிரெக்ட்எக்ஸ் மொழியை வல்கன் என்ற மொழிக்கு மாற்ற டிஎக்ஸ்விகே, விகேடி3டி என்று தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். இவர்களை எல்லாம் ஒரு பொதியாகக் கட்டி, ஸ்டீம் என்ற தன் ஒன்லைன் கேம் கடைக்குள்ளேயே வைத்து, 2018 ஓகஸ்டில் வால்வ் நிறுவனம் வெளியிட்டதுதான் புரோட்டன். 2022 பெப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி ஓடுவதும் லினக்ஸில்தான். அதை விற்கவேண்டும் என்றால் கேம்கள் ஓடவேண்டும். ஆகவே காசு போட்டு இந்த மொழிபெயர்ப்பாளரைத் தேற்றினார்கள். அதன் பலன் என் துருப்பிடித்த பெட்டிவரை வந்திருக்கிறது.

இனி வலப்பக்கம். இன்னொரு விருந்தாளி வருகிறார். அவர் என்னை நம்ப மாட்டார். "நடுவில் ஆளே வேண்டாம், குசினிக் கதவுக்குள் நானே நிற்பேன், அடுப்பு மூட்டும் நேரத்திலிருந்து நிற்பேன்" என்கிறார். வலொரன்டின் வான்கார்ட் அப்படிப்பட்டது. கள்ள விளையாட்டைப் பிடிக்கிற அந்தக் காவல் மென்பொருள் வின்டோஸின் கேர்னல் என்கிற அடித்தளத்துக்குள், கணினி பூட் ஆகும்போதே போய்க் குந்திவிடும். லினக்ஸில் அந்தக் குசினியே இல்லை. மொழிபெயர்க்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராய் இருந்தும் பிரயோசனம் இல்லை.

எல்லாக் காவல் மென்பொருளும் இப்படி என்றும் சொல்ல முடியாது. ஈஸி அன்டி-சீட், பட்டில்ஐ என்ற இரண்டும் 2021இலேயே புரோட்டனோடு ஒத்துப்போகத் தயாராகிவிட்டன. எல்டன் ரிங் ஈஸி அன்டி-சீட்டோடு லினக்ஸில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கேமை உருவாக்கியவர்கள் 'சரி, லினக்ஸையும் விடுவோம்' என்று தாங்களாக அனுமதிக்கவேண்டும். ஃபோர்ட்நைட்காரர் அனுமதிக்கவில்லை. ஜீடிஏ ஒன்லைன் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது; 2024 செப்டெம்பரில் பட்டில்ஐயைப் போட்டார்கள், லினக்ஸுக்கு அனுமதி கொடுக்கவில்லை, கதவு சாத்தப்பட்டது. அதே வருஷம் லீக் ஒஃப் லெஜன்ட்ஸுக்கு வான்கார்ட் வந்தது, அதுவும் போனது. ஒக்டோபர் கடைசியில் ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ், கள்ள விளையாட்டுக்காரர் அந்த வழியால் வருகிறார்கள் என்று சொல்லி லினக்ஸ்காரர் எல்லோரையும் வெளியே அனுப்பியது.

ஆகவே ஒன்லைன் கேமை நம்பி லினக்ஸுக்குப் போகிறவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு ஓடுவது நாளைக்கும் ஓடும் என்று உங்களுக்கு ஒருவரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. அதில் லினக்ஸ் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, எல்லாம் கேம் நிறுவனத்தின் விருப்பம். ஸ்டீமின் மாதாந்தக் கணக்கெடுப்பில் லினக்ஸ்காரரின் பங்கு முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 ஒக்டோபரில்தான். நூறில் மூன்று பேருக்காக மினக்கெடுவதா என்று அவர்கள் யோசிப்பது எனக்கு விளங்குகிறது, பிடிக்காவிட்டாலும்.

தம்பியின் கூட்டாளி ஒருவன் வழி சொன்னான்: லினக்ஸுக்குள் விர்ச்சுவல் மெஷின் என்கிற போலிக் கணினி ஒன்றில் வின்டோஸைப் போட்டு வலொரன்டை ஓட்டலாமாம். இந்தக் காவல் மென்பொருள்கள் விர்ச்சுவல் மெஷினை மோப்பம் பிடிக்கும். பிடித்தால் கணக்கையே தடைசெய்யலாம். இரண்டு வருஷமாய் வளர்த்த கணக்கு அவனுடையது. வேண்டாம் என்றேன், அவனும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உடனே ஒத்துக்கொண்டான்.

ஆகவே உடன்படிக்கை: வின்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டி டிஸ்கைத் தொடுவதில்லை. டவுனில் ஒரு கடையில் இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி, லினக்ஸை அதில் போடுவது. ஒரே டிஸ்கை இரண்டாய்ப் பிரித்தும் செய்யலாம்தான். ஆனால் முதன்முதலாகச் செய்பவருக்கு என் யோசனை, தனி டிஸ்க். லினக்ஸ் போடும்போது வின்டோஸ் டிஸ்கின் வயரைக் கழற்றி வைத்துவிட்டேன். தவறான டிஸ்கை அழித்துவிடும் பயம் அதோடு போய்விட்டது.

பல விதமான லினக்ஸ் இருக்கிறது. கேமுக்கென்றே பஸைட், நோபாரா என்று உண்டு. நான் லினக்ஸ் மின்ட் 22.2ஐ எடுத்தேன். பார்வைக்கு வின்டோஸ் மாதிரி, 2029வரை அப்டேட் வரும், பிழைத்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் அதிகம். 3 ஜீபி அளவு கோப்பு. அதை இரவு டேட்டாவில் இறக்கி, பென்டிரைவில் எழுதி, இன்ஸ்டோல் பண்ணாமலே அந்தப் பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்த்தேன். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, கேம்பாட் வேலைசெய்கிறதா. எல்லாம் சரி.

சரியில்லாமல் போனது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், அதுவும் என் பிழையால். மின்டில் டிரைவர் மனேஜர் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து என்விடியா டிரைவரைத் தெரிவுசெய்தால் தானே போட்டுக்கொள்ளும். போடும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது, ஏனோதானோ என்று ஒன்றை வைத்தேன். ரீஸ்டார்ட் பண்ணியதும் நீலத் திரை. நீலத் திரை என்றால் வின்டோஸ் பழக்கத்தில் நெஞ்சு பதறுமே, அவசரமாய் 'கன்டினியூ பூட்' என்பதை அழுத்திவிட்டேன். உள்ளே போனால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு, கேம் எதுவும் திறக்கவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது. கணினியின் அடிப்படை செட்டிங்கான பயோஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு போடப்பட்டிருந்தால், புதிதாகப் போட்ட டிரைவரை நம்பலாம் என்று நாம் அந்த நீலத் திரையில்தான் உறுதிசெய்ய வேண்டும். 'என்ரோல்' என்பதைத் தெரிவுசெய்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்கவேண்டும். ஒரு முறைதான் கேட்கும், தவறவிட்டால் திரும்ப முதலிலிருந்து. டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டு, கடவுச்சொல்லைக் கையில் எழுதிவைத்துக்கொண்டு செய்தேன். ஐந்து நிமிஷ வேலை. ஏஎம்டி கார்ட் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை, அவர்களுடைய டிரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது.

ஸ்டீமை மின்டின் சொஃப்ட்வேர் மனேஜரில் இருந்தே போட்டேன். அங்கே இரண்டு வகை காட்டும்; ஃபிளாட்பக் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன், பிரச்சினை வரவில்லை. ஸ்டீமின் செட்டிங்ஸில் 'கொம்பாட்டிபிலிட்டி' பகுதியில் எல்லாக் கேமுக்கும் புரோட்டன் போடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புதிய ஸ்டீமில் அது தானாகவே போடப்பட்டிருக்கும்.

அடுத்த தலையிடி டேட்டா. விட்சர் 3 மட்டும் ஐம்பது ஜீபி வரும். என் கேம் எல்லாவற்றையும் திரும்ப இறக்குவதென்றால் எங்கள் பெக்கேஜில் இரண்டு மாதம் போய்விடும். அப்போதுதான் யோசித்தேன், வின்டோஸ் டிஸ்கில் எல்லாக் கேமும் கிடக்கிறதே, அந்த ஃபோல்டரையே லினக்ஸ் ஸ்டீமுக்குக் காட்டிவிட்டால் என்ன? காட்டினேன். இதுதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம்.

முதலில் டிஸ்கில் எழுதவே விடவில்லை. வின்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்டப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் பண்ணினாலும் அது உண்மையில் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், டிஸ்கைக் கைவிடாது. அதை நிறுத்தியதும் எழுத விட்டது. ஒரு கேம் திறந்தது, அடுத்தது திறந்து மூடியது. அன்று பின்னேரம் தம்பி வின்டோஸைப் போட்டான். டிஸ்கில் பிழை இருக்கிறது, திருத்துகிறேன் என்று அது ஓடத் தொடங்கி முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அவன் போட்ட சத்தம் பத்திரகாளி கோவில் வரை கேட்டிருக்கும்.

காரணம் இதுதான். புரோட்டன் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி வின்டோஸ் வீடு கட்டும், அதற்குள் 'சி' டிரைவைக் குறிக்க முக்காற்புள்ளி வைத்த பெயரில் ஒரு இணைப்பு இருக்கும். வின்டோஸின் என்டிஎஃப்எஸ் வகை டிஸ்கில் லினக்ஸ் அப்படி எழுதிவிடும், ஆனால் வின்டோஸுக்கு அந்தக் குறியோடு பெயர் வைப்பது ஆகாது, அதைக் குப்பை என்று நினைத்துக் கூட்டித்தள்ளும். சரியான வழி காட்டுவதல்ல, நகலெடுப்பது. கேம் ஃபோல்டரையும் அதோடு இருக்கும் சின்ன 'மனிஃபெஸ்ட்' கோப்பையும் லினக்ஸ் டிஸ்கிலுள்ள ஸ்டீம் ஃபோல்டருக்குள் அதே இடத்தில் கொப்பி பண்ணினேன். புரோட்டன் ஓட்டுவதும் வின்டோஸ் கேமின் அதே கோப்புகளைத்தான். ஸ்டீமைத் திறந்ததும் சரிபார்த்தது, குறைந்ததை மட்டும் இறக்கியது. ஐம்பது ஜீபிக்குப் பதிலாக ஒன்றிரண்டு ஜீபியோடு முடிந்தது. கூட்டாளி வீட்டிலிருந்து ஹார்ட்டிஸ்கில் கேம் கொண்டுவருவதற்கும் இதே வழிதான். கிண்ணியாவிலிருந்து மச்சாள் ஒரு ஹார்ட்டிஸ்கைக் கொண்டுவந்து தந்தாள், இரண்டு கேமை அப்படியே எடுத்தேன்.

ஒரு எச்சரிக்கை. விளையாடிய அளவை இணையத்தில் சேமித்துவைக்கும் ஸ்டீம் கிளவுட் இல்லாத கேமின் சேவ் கோப்புகள் தானாக வராது. அவற்றை வின்டோஸ் டொக்யுமென்ட்ஸில் இருந்து எடுத்து, லினக்ஸில் அந்தக் கேமின் குட்டி வின்டோஸ் வீட்டுக்குள் இருக்கும் 'ஸ்டீம்யூசர்' என்பவரின் டொக்யுமென்ட்ஸில் போடவேண்டும். இது தெரியாமல் ஒரு கேமை முதலிலிருந்து விளையாடினேன். எந்தக் கேம் என்று சொல்ல விருப்பமில்லை, நாற்பது மணித்தியாலம்.

இதெல்லாம் சரிவந்த பிறகு கேம் எப்படி ஓடியது? சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமாக. விட்சர் 3ஐத் திறக்கும்போது டிரெக்ட்எக்ஸ் 11ஆ 12ஆ என்று கேட்கும். 11இல் போட்டால் வின்டோஸில் எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 12இல் தெளிவாக மெதுவானது. என்விடியா கார்டுகளில் டிரெக்ட்எக்ஸ் 12 கேம்கள் லினக்ஸில் கொஞ்சம் பின்தங்குவது தெரிந்த விஷயம், பழைய கார்ட் என்றால் இன்னும் உறைக்கும். 11ஐத் தெரிவுசெய்ய இடமிருந்தால் செய்யுங்கள். ஸ்டார்டியூ வேலியும் யூரோ ட்ரக்கும் லினக்ஸுக்கென்றே வந்தவை, கேள்வியே இல்லை. ஜீடிஏ 5 முதல்தடவை லோஞ்சர் திறக்க நேரம் எடுத்தது, பிறகு கதை ஒழுங்காய் ஓடியது.

ஏதாவது ஒரு கேம் அடம்பிடித்தால் நான் செய்வது இரண்டு வேலைதான். அந்தக் கேமின் புரொப்பர்ட்டீஸில் போய் வேறொரு புரோட்டன் பதிப்பை மாற்றிப் பார்ப்பேன். அதிலும் சரிவராவிட்டால் புரோட்டன்-ஜீஇ என்று ஆர்வலர்கள் திருத்தி வெளியிடும் பதிப்பைப் போடுவேன். அதை இறக்கித்தர புரோட்டன்அப் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. நடுவில் வரும் வீடியோக் காட்சி கறுப்பாகத் தெரிந்த ஒரு கேம் இதில் சரிவந்தது. எபிக், ஜீஓஜீ என்ற மற்ற ஒன்லைன் கேம் கடைகளில் இலவசமாய்க் கிடைத்த கேம்களைத் திறக்க ஹீரோயிக் லோஞ்சர். கிரிக்கெட் 07ஐப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த சீடி எங்கள் வீட்டில் கீறல் விழாமல் ஒன்றும் மிஞ்சவில்லை.

டேட்டாவைப் பற்றி இன்னொன்று. ஸ்டீம் லினக்ஸில் ஷேடர் என்று அடிக்கடி எதையோ இறக்கிக்கொண்டே இருக்கும். கேம் அப்டேட்டே இல்லாத நாளிலும் சில நூறு எம்பி போகும். கேம் விளையாடும்போது திக்காமல் இருப்பதற்காக முன்கூட்டியே தயாராக்கிய கோப்புகள் அவை. பகல் டேட்டா தேய்கிறதே என்று தேடிப்போய்த்தான் இதைக் கண்டுபிடித்தேன். டவுன்லோட் செட்டிங்ஸில் நிறுத்தலாம். நிறுத்தினால் ஒரு புது இடத்துக்கு முதல்தடவை போகும்போது ஒரு கணம் இழுபடும், அவ்வளவுதான். நான் நிறுத்திவிட்டு, மற்ற அப்டேட்டுகளையும் நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் இறக்கும்படி நேரம் குறித்து வைத்திருக்கிறேன். அளவில்லாத இணைப்பு வைத்திருப்பவர் இதைத் தொடத் தேவையில்லை.

மணிக்கூட்டுக் கதை ஒன்று இருக்கிறது. லினக்ஸ் போட்டு நாலாம் நாள் இரவு, தம்பி வின்டோஸில் விளையாடிக்கொண்டிருக்கிறான். அம்மா எழும்பி வந்து "இன்னும் படுக்கேல்லையோ" என்று கேட்க, "இப்பதானம்மா ஆறு மணி" என்று திரையைக் காட்டுகிறான். உண்மையில் இரவு பதினொன்றரை. கணினிக்குள் பற்றரியில் ஓடும் மணிக்கூட்டை லினக்ஸ் கிரீனிச் நேரத்துக்குத் திருத்திவைக்கும். வின்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் நாட்டுக்கு ஐந்தரை மணித்தியால வித்தியாசம், அதனால் வின்டோஸில் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டியது. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் சரி. இணையத்தளங்கள் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுத்தாலும் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். தம்பி அதைத் திருத்தவேண்டாம் என்று கேட்டான். அம்மாவுக்குக் காட்ட வசதியாம்.

கேம் இல்லாத வேலைகளை ஓடிச் சொல்கிறேன். ஹோட்டல் கடிதங்களை லிப்ரே ஒபிஸில் அடிக்கிறேன். சங்கத்துப் பழைய நோட்டீஸ் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துருக் கோப்பைக் கொப்பி பண்ணிப் போட்டதும் எழுத்துகள் ஒழுங்காய்த் தெரிந்தன. தம்பியின் விசைப்பலகையில் நிற லைட்டை மாற்றும் மென்பொருள் லினக்ஸுக்கு இல்லை. என்னைக் கேட்டால் நல்லது, அறைக்குள் திருவிழா குறைந்தது.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். அந்த நாட்களில் ஒருவருக்கும் கேமின் நினைப்பு இல்லை, அதைப் பற்றி இங்கே எழுதவும் வேண்டாம். ஆனால் பிறகு கரன்ட் வந்து இணையம் வராமல் இருந்த நாட்களில் ஒன்று தெரிந்தது. லினக்ஸில் ஒரு கேமை முதல்தடவை திறக்கும்போது புரோட்டனும் அதற்கு வேண்டிய சாமான்களும் இறங்கவேண்டும். இணையம் இருந்தபோது ஒருமுறையாவது திறந்து பார்த்த கேம்கள் ஓஃப்லைனில் திறந்தன. கொப்பி பண்ணி வைத்துவிட்டுத் திறக்காமல் விட்ட இரண்டும் திறக்கவில்லை. இப்போது எதை ஏற்றினாலும் உடனே ஒருமுறை திறந்து, மெனு வரும்வரை பார்த்துவிட்டு மூடுகிறேன். அடிக்கடி கரன்ட் போகிற ஊரில் யூபிஎஸ் இல்லாமல் எந்த ஓஎஸ்ஸும் உருப்படாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததற்கு முழு நாடும் இருண்டதே.

என் கார்டைப் பற்றி ஒரு கவலை உண்டு. 1050 டிஐ பஸ்கல் தலைமுறை. என்விடியா அந்தத் தலைமுறையை 580 வரிசை டிரைவரோடு நிறுத்திவிட்டது. மின்டில் அந்த வரிசை இன்னும் கிடைப்பதால் இப்போதைக்குப் பயமில்லை. புத்தம்புதுப் பதிப்புகளை ஓடி ஓடிப் போடும் ஆர்ச் வகை லினக்ஸ்களை இந்தக் கார்டோடு எடுத்தால் டிரைவரைத் தேடி அலையவேண்டி வரும். அடுத்தது வாங்கும்போது பாவித்த ஏஎம்டி கார்ட் ஒன்றாகப் பார்ப்பேன்.

ஆக, வின்டோஸுக்குப் பதில் லினக்ஸ் சரிவருமா என்று கேட்பவர்களிடம் இப்போது நான் திருப்பிக் கேட்பது, "என்ன விளையாடுறீங்கள், ஆரோட விளையாடுறீங்கள்?" தனியாக விளையாடுகிறவருக்கு ஓம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை, மூன்று மாதமாய் என் கேமுக்காக நான் வின்டோஸைத் திறக்கவில்லை. கூட்டாளிகள் ஐந்து பேர் வலொரன்டில் காத்திருக்கிற பொடியனிடம் லினக்ஸுக்கு வா என்று சொல்வது, அவனுடைய கூட்டாளிகளை விட்டுவிட்டு வா என்று சொல்வதற்குச் சமம். அதைச் சொல்ல நான் ஆர்?

தம்பியின் வின்டோஸ் டிஸ்க் அப்படியே இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: அப்டேட் நின்றுபோன அந்த வின்டோஸில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் திறக்கக்கூடாது, கேம் மட்டும். மற்றதெல்லாம் மின்டில். ஒரு வாரத்துக்குள்ளேயே கவுன்டர் ஸ்ட்ரைக்கை அவன் லினக்ஸில் விளையாடுவதைக் கண்டேன். "திரும்ப பூட் பண்ணப் பஞ்சியாக் கிடந்தது" என்றான். லினக்ஸுக்கு அவனிடமிருந்து கிடைத்த பாராட்டு இதுவரை அவ்வளவுதான்.

கணினியைப் போட்டதும் எதற்குள் போகவேண்டும் என்று கேட்கும் மெனுவில் எது முதலில் நிற்பது என்று இரண்டு கிழமை சண்டை. நான் மின்டை முதலில் வைப்பேன், அவன் வின்டோஸை வைப்பான். கடைசியில், கடைசியாகப் போனது எதுவோ அதிலேயே நிற்கட்டும் என்று செட்டிங்கை மாற்றினேன். இரண்டு பேருக்கும் சம்மதம். அவனுக்கு இன்னும் விளங்காத ஒன்று இருக்கிறது. இரவு பத்து மணிக்கு நான் மின்டில் இருந்து ஷட்டவுன் பண்ணிவிட்டுப் படுக்கிறேன். விடிய எழும்பி சுவிட்சைப் போட்டால் சில நாட்களில் மெனு வின்டோஸில் நிற்கிறது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.